காலுக்கடியில் ஒரு விரால்

இருபது கிலோமீட்டருக்கு மேல் ஒரு கண்ணாடி விரியன்மீது கால் வைத்து ஸ்கூட்டர் ஓட்டியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. காலுக்கடியில் சாக்குக்குள் கிடந்தது விரால் மீன் என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். பாம்பென்று பாதி வழியில் தெரிந்திருந்தால், ஸ்கூட்டரை நான்குவழிச் சாலையின் நடுவில் போட்டுவிட்டு ஓடி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டிருப்பேன். அந்த வகையில் அறியாமையும் ஒரு பாதுகாப்புதான். ஆனால் அதை நம்பி யாரும் மீன் பிடிக்கப் போக வேண்டாம்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வீடு திருநகரில். பிறந்து வளர்ந்தது முழுக்க மதுரை டவுனுக்குள். கல்யாணம் ஆகும்வரை மீன் என்றால் எனக்குக் குழம்புச் சட்டிக்குள் இருப்பது மட்டும்தான். என் மனைவி வேறு மாதிரி. சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர் அவளுக்கு. தலைமுறை தலைமுறையாக விவசாயம். ஊருக்கு ஒரு பெரிய கண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறித்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லிவிட்டு, எல்லோருமாக இறங்கி மீன் பிடிப்பார்கள். விடிந்ததும் ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், நூற்றுக்கணக்கான ஆட்கள் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் விழுவார்கள்.

ஊத்தா என்பது மூங்கில் குச்சியால் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூடை. கலங்கிய தண்ணீரில் அதைத் தரையோடு சேர்த்துக் குத்த வேண்டும். உள்ளே ஏதாவது முட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். முட்டுவது கெண்டையா, கெளுத்தியா, இல்லை வேறு ஏதாவதா என்பது கை உள்ளே போன பிறகுதான் தெரியும். கெளுத்தி என்றால் முள் குத்தி இரண்டு நாள் கை கடுக்கும். வேறு ஏதாவது என்றால் அந்த ஆள் ஊத்தாவைப் போட்டுவிட்டுத் தண்ணீர்மேல் நடந்து வருவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது தண்ணீர்ப் பாம்பு. விஷம் கிடையாது, கோபம் மட்டும் நிறைய.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், முதல் வருடமே எனக்குப் பாடம் எடுத்தார். "மாப்ள, குத்துன ஒடனே கைய விடாதீக. ரெண்டு ஆட்டு ஆட்டுங்க. மீனுன்னா சுத்திச் சுத்தி முட்டும். மேல ஏறி வந்துச்சுன்னா அது மீனில்ல." நான் அக்கறையாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஐந்து வருடமாக என் ஊத்தாவில் எதுவுமே முட்டவில்லை. ஒரே ஒரு தடவை முட்டியது. யாரோ தொலைத்த ரப்பர் செருப்பு.

மூன்றாவது வருடம் கரையோரக் கருவேலங்காட்டிலிருந்து ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது. கூட்டத்தின் இரைச்சலில் மிரண்டிருக்க வேண்டும். நான் அதற்கும் காட்டுக்கும் நடுவில் சரியாக நின்றுகொண்டிருந்தேன். கத்தவா, கல்லெடுக்கவா என்று யோசிப்பதற்குள் மச்சான் என் பனியனைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வழிய விடுங்க மாப்ள. அதுவும் வீட்டுக்குத்தான் போகணும்." பன்றி எங்களை மதிக்காமல் ஓடிப்போனது. இதுவரை எனக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகளில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

அந்த ஊரில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கண்மாயில் பிடித்த மீனை யாரும் விற்கமாட்டார்கள். வெறுங்கையோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். இறங்குமுன் எல்லோரும் அவரவர் சாக்கைக் கரையில் வரிசையாகப் போட்டுவிடுவோம். நிறையப் பிடித்தவர்கள் மேலேறி வரும்போது, காலியாகக் கிடக்கிற சாக்குகளில் ஒன்றிரண்டு மீனைப் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டவர் சொல்லக்கூடாது. வாங்கியவர் சாக்கைக் கரையில் அவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. வாயைக் கட்டி வீட்டுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். பார்க்க ஆரம்பித்தால் யார் எம்புட்டுப் போட்டான், யார் போடவில்லை என்று பேச்சு வரும், பேச்சு வந்தால் பங்காளிச் சண்டை வரும். அதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டின்படிதான் நான் பாம்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது ஆறாவது வருடம். வழக்கம்போல் எதுவும் கிடைக்காமல், இடுப்புவரை சேறோடு கரையேறினேன். ஏறும்போது வலது கணுக்காலில் சுருக்கென்றது. கரை முழுக்கக் கருவேல முள். அன்று காலையிலிருந்து அது பத்தாவது குத்து. குனிந்து பார்க்கக்கூட இல்லை. என் சாக்கு காய்ந்த புல்லின்மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பாதி நிறைந்ததுபோல் கனமாக இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. உள்ளே பார்க்காமல் வாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினேன்.

நடந்தது என்னவென்று இப்போது ஊகிக்க முடிகிறது. கரைப் புல்லில் எலி தேடி இருந்த பாம்பு, அத்தனை கால்கள் மிதிக்கிற அதிர்வில் ஒளிய இடம் தேடியிருக்கிறது. ஈரமும் இருட்டுமாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. மீன் போட்டவர்கள் மேலிருந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் உள்ளே கை விடவில்லை, அந்தப் புண்ணியவான்களின் நல்ல நேரம்.

சாக்கை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கிடத்தினேன். கால் வைக்க வேறு இடம் இல்லாததால் அதன்மேலேயே செருப்புக்காலை வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் காலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. விரால்! தண்ணீரைவிட்டு எடுத்தாலும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கிற மீன் அது. வேறு யாரோ பிடித்த மீன்தான், இருந்தாலும் என் காலுக்கடியில் இருக்கிறதே. எனக்கு அம்புட்டுப் பெருமை.

சமயநல்லூரில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடைக்காரர் எனக்கு வருடாந்திரப் பழக்கம். வருடந்தோறும் இதே நாளில் சேறோடு வந்து நிற்பேன், அவரும் சிரிக்காமல் டீ கொடுப்பார்.

"இந்தத் தடவையாச்சும் சிக்குச்சா சார்?"

"விரால்ணே. இன்னும் உசுரோட நெளியுது பாருங்க."

அவர் வெளியே வந்து சாக்கை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "நல்ல கனம்தான். அவுத்துக் காட்டுங்களேன்."

"வீட்டுக்குப் போயித்தாண்ணே அவுக்கணும்."

அப்போது "உஸ்ஸ்" என்று ஒரு நீண்ட சத்தம் வந்தது. இரண்டு பேருமே அவருடைய பாய்லரைத் திரும்பிப் பார்த்தோம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை விரியன் சார் என்றுதான் கூப்பிடுகிறார். யார் சாக்கு கொண்டுவந்தாலும் தொடுவதில்லை.

வைகைப் பாலம் தாண்டி, வெயிலேறும் முன்பே திருநகர் வந்து சேர்ந்தேன்.  என் மனைவிக்கு ஒரு வித்தை உண்டு. சாக்குக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டே, தொட்டுப் பார்த்து மீனின் பெயரைச் சொல்லிவிடுவாள். கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, குரவை. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வருடந்தோறும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இது ஒரு நிகழ்ச்சி. பக்கத்து வீட்டு டீச்சர் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றும் வந்திருந்தார்.

"விரால் இருக்கு," என்றேன் நான். "வர்ற வழியெல்லாம் நெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு."

"நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஏன் சொல்றீக?" என்று கோபித்துக்கொண்டு, வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுச் சாக்குக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கை சாக்கின் வாய்க்குப் போனது.

உஸ்ஸ்ஸ்.

"குக்கர் வந்துருச்சு போல," என்றார் டீச்சர்.

"குக்கர் இன்னும் ஏத்தவே இல்லையே," என்றாள் என் மனைவி, கண் மூடியபடி.

கை அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்தாள். விருட்டென்று இழுக்கவில்லை. இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. கையை மெல்லப் பின்னால் எடுத்தாள், உட்கார்ந்தபடியே இரண்டு அடி நகர்ந்தாள், எழுந்தாள். கொல்லையில் கவிழ்த்துவைத்திருந்த பெரிய அலுமினிய அண்டாவை எடுத்துச் சாக்கின்மேல் அப்படியே கவிழ்த்தாள். அதன்மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தாள். நான் அதற்குள் மாடிக்குப் போகிற மூன்றாவது படியில் இருந்தேன். டீச்சர் எங்கே போனார் என்று தெரியவில்லை, காபி டம்ளர் மட்டும் கொல்லையில் உருண்டுகொண்டிருந்தது.

"விரால்னா துள்ளும், அப்பறம் கொஞ்ச நேரம் அடங்கும்," என்றாள் மூச்சு வாங்க. "நெளிஞ்சுக்கிட்டே வராது. வழியெல்லாம் நெளிஞ்சுச்சுன்னு சொன்னீகளே, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

இயக்கம் என்றால் என்ன என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். தொட வேண்டாம், அண்டாவைத் தூக்க வேண்டாம், ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். போனை வைத்தவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாக்க எங்க வச்சுக் கொண்டாந்தீக?"

"காலுக்கடியில."

அவள் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் என் கால்களின் சேற்றைக் கழுவினாள். பிறகு விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள். மீன் பார்க்கிற அதே விரல்கள். கீறல்கள் ஏராளம். வலது கணுக்காலுக்கு வெளிப்புறம் வந்ததும் விரல் நின்றது. அங்கே இரண்டு புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில்.

"இது எப்ப?"

"கரையேறுறப்ப. முள்ளு."

"முள்ளப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் தினமும் கேட்கிற கேள்வி இது: நீ பார்த்தாயா, நினைத்துக்கொண்டாயா?  அந்தக் குத்து வாங்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் சாக்கு கிடந்தது. எனக்குப் பயம் வந்தது. சும்மா ஒரு பயமில்லை, காது அடைத்துவிட்டது.

போனில் மச்சானுக்கு விஷயம் போனது. அவர் பதறிப்போய்க் கத்தியது எனக்கே கேட்டது. "தாயி, முழங்காலுக்கு மேல கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டு. நான் வாரேன், மந்திரிக்கிற ஆளக் கையோட கூட்டியாரேன்."

"அண்ணே, இறுக்கிக் கட்டுனா காலு செத்துப்போகும். மந்திரிக்கிறவரு அங்கயே இருக்கட்டும். நீ நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வா." வைத்துவிட்டாள்.

பிறகு அவள் செய்ததெல்லாம் வேகமாக நடந்தது. கண் படக்கூடாதென்று நான் கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை, வீங்கினால் இறுக்கும் என்று வெட்டி எறிந்தாள். கீறவும் இல்லை, வாய் வைத்து உறிஞ்சவும் இல்லை. காலை ஆட்டக்கூடாது என்று என் மேசையிலிருந்து மர மீட்டர் ஸ்கேலை எடுத்துக் காலோடு சேர்த்து வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டினாள். நூறு சென்டிமீட்டரில் என் கால் எண்பதோடு முடிந்துவிட்டது. அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன் என்பதை ஒரு ஆசிரியனின் வியாதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்கும் சொன்னாள். அது வருவதற்குள் தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நீளக் கோலால் சாக்கைப் பிடித்து உதறியதும் மூன்று ஜிலேபிக் கெண்டையும் ஒரு நிஜ விராலும் விழுந்தன. அவற்றின் பின்னால் கனமாக அது விழுந்தது. பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் வட்ட வட்டமாக அடையாளம். கண்ணாடி விரியனேதான். லாவகமாக ஒரு பெரிய டப்பாவுக்குள் விட்டு மூடினார்கள்.

பெரியவராக இருந்தவர் என்னையும் என் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுமேலயா சார் கால வச்சு வந்தீங்க? சாக்குக்குள்ள இருந்துக்கிட்டே வெளியவும் கடிக்கும் சார் இது. அந்தச் செருப்ப எடுத்துப் பத்திரமா வைங்க."

"இவரு நடக்கக்கூடாது," என்றாள் என் மனைவி. ஆகவே அந்த இரண்டு பேரும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஆட்டோவுக்கு வந்தார்கள். என் எடை எண்பத்திரண்டு கிலோ. இடுப்புவரை காய்ந்த சேறு, காலில் மீட்டர் ஸ்கேல். தெருவே வாசலில் நின்றது. என்னிடம் டியூஷன் படிக்கிற நான்கு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சாமி புறப்பாட்டுக்குக்கூட அந்தத் தெருவில் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்தார். வீக்கம் இல்லை, பெரிய வலி இல்லை, முள்ளாகத்தான் இருக்கும், ஆனாலும் சோதித்துவிடலாம் என்றார். நர்ஸ் என் ரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்தார். இருபது நிமிடம் அதை யாரும் தொடக்கூடாது. பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உள்ளே இருக்கிறது.

இருபது நிமிடம். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் வலது காலை ஆடாமல் பிடித்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அழக்கூடாது என்பதற்காகத் திட்டுகிறாள் என்று தெரிந்ததால் நானும் குறுக்கே பேசவில்லை. அந்த இருபது நிமிடத்தில் அவள் போட்ட சட்டங்கள்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை நடப்பில் இருக்கின்றன.

"இனிமே சாக்கே கெடையாது. மூடி போட்ட வாளி. கரையில வெறுங்காலோட ஒரு அடி வைக்கக்கூடாது, பூட்ஸ் வாங்குங்க. முன்னாடி கம்பால தட்டிட்டுத்தான் நடக்கணும், பாம்புக்குச் சத்தம் கேக்காதாம், ஆனா அதிர்வு தெரியுமாம், தானா போயிரும். புல்லுக்குள்ள துணியக் கழட்டிப் போடாதீக. முள்ளு குத்துனா குனிஞ்சு பாருங்க. குனிய முடியலன்னா வயித்தக் கொறைங்க. பாக்கக்கூடாது பாக்கக்கூடாதுன்னு எங்க ஊர்க்காரங்க சொல்றதெல்லாம் மீனுக்குத்தான, பாம்புக்கா சொன்னாக? கரையிலயே கொட்டிப் பாத்துட்டு வாங்க, எவன் சண்டைக்கு வாரான்னு நான் பாக்குறேன்."

"உங்க ஊர் வழக்கம்," என்றேன்.

"ஊர் வழக்கத்த நான் பேசிக்கிறேன். நீங்க கால ஆட்டாதீக."

பேசத்தான் செய்தாள். மறு வருடம் ஊர்ப் பெரியவர் முன்னால் போய் நின்று பேசினாள். இப்போது அந்தக் கண்மாய்க் கரையில் சாக்குகள் தரையில் கிடப்பதில்லை, வேப்பமரக் கிளைகளில் தொங்குகின்றன. வீட்டுக்குப் புறப்படுமுன் எல்லோரும் அவரவர் சாக்கை ஒரு தடவை கொட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் அப்போது மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சண்டை ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு நர்ஸ் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். குழாயை எடுத்தார். மனைவி பேச்சை நிறுத்தினாள். என் காலைப் பிடித்திருந்த கை இறுகியது. நர்ஸ் குழாயை மெல்லச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், தலைகீழாகவே கவிழ்த்தார்.

ரத்தம் அசையவில்லை.

"முள்ளுதான் சார்," என்றார். "எதுக்கும் நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருங்க, மறுபடியும் எடுத்துப் பாப்போம்." மறுபடியும் எடுத்தார்கள், எல்லாத் தடவையும் உறைந்தது. மச்சான் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பாடு அழுதுவிட்டு, பக்கத்து வீட்டு டீச்சரிடம் போனில் அந்த விராலைக் குழம்பு வைக்கச் சொன்னார். டீச்சர் வைத்துக் கொடுத்தும் அனுப்பினார்.

அன்று முதல் குழாயோடு நர்ஸ் போனதும் என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தொட்டப்பவே எனக்குத் தெரியும், முள்ளுதான்னு," என்றாள்.

"தெரிஞ்சா எதுக்குடி என்னைய நாற்காலியில வச்சு ஊரே வேடிக்க பாக்கத் தூக்கியாந்த?"

"மீனுன்னா என் கைய நம்பிருவேன். தப்பாப் போனா ஒரு கெண்டைதான போகும்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். காலை மட்டும் விடவில்லை.